ஹெட்லி ஆர்மராட் தன்மீதே கொடுத்த புகார்

ஹெட்லி ஆர்மராட்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. தட்டச்சின் வேகம்தான் உயரும். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி டோரீன், விசைப்பலகையின் ஓசையை வைத்தே அன்று யாருக்குத் திட்டு விழுகிறது என்று சொல்லிவிடுவார். நகர மன்றம் என்றால் ஓசை ஒரே சீராக வரும். பாராளுமன்றம் என்றால் நின்று நின்று வரும். சொந்தக் கட்சி என்றால் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பை தட்டில் ஆடும்.

2010ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் அந்தக் கோப்பை ஆடாத நாள் அரிது.

ஆர்மராட் இங்கிலாந்தின் சிறு நகரமான ஹார்ல்பெக்கிலேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே முப்பத்து நான்கு ஆண்டுகள் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை தயாரித்தவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கட்டம் கட்டமாக எழுதுவதே அவர் தொழில். ஒரு கட்டம் பிசகினால் மழையில் யாரோ ஒருவர் இருபது நிமிடம் நிற்பார் என்பது அவர் மனத்தில் ஊறிப்போன எண்ணம். ஓய்வு பெறுவதற்கு முன்பே, 2003 நவம்பரில், 'டென்டர் குன்றிலிருந்து' என்ற வலைப்பூவைத் தொடங்கினார். வீடு அந்தக் குன்றின்மேல் இருந்தது. பெயருக்கு அதற்குமேல் காரணம் இல்லை. ஆறரை ஆண்டுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு பதிவுகள். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் முழுப்பெயர் இருக்கும். செய்தி எந்த அறிக்கையில், எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பும் இருக்கும். எழுதியது தவறென்று தெரிந்தால் அந்த வரியை அவர் அழிக்கமாட்டார். வரியின் குறுக்கே கோடு போட்டு, கீழே திருத்தத்தையும் தேதியையும் எழுதுவார். வாசகர் அவருடைய தவற்றையும் படிக்கலாம், அவர் அதை ஒப்புக்கொண்டதையும் படிக்கலாம். எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்றுகிறவன் பொய்யன் என்பது அவர் கட்சி.

மற்றபடி அவர் கட்சி பழமைவாதிகளின் நீலக் கட்சி. இருபத்தெட்டு ஆண்டு உறுப்பினர். தேர்தல்தோறும் மழைக்கோட்டின்மேல் நீலப் பட்டுப் பூவைக் குத்திக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டியவர். ஆனாலும் அவர் வலைப்பூவில் அதிகம் உதைபட்டது எதிர்க்கட்சி அல்ல.

"எதையாவது மாற்றவேண்டும் என்று கேட்டு நான் இந்தக் கட்சியில் சேரவில்லை," என்று பிப்ரவரியில் எழுதினார். "ஒழுங்காக நடப்பதை யாரும் உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவே சேர்ந்தேன். இந்த ஊரின் பிரசவ விடுதியை அவர்கள் ஆட்சி மூடியது. நீதிமன்றத்தை எங்கள் ஆட்சி மூடியது. மூடும்போது இருவரும் சொன்ன சொல் ஒன்றே: நவீனமயம். இப்போது எங்கள் சுவரொட்டியிலும் 'மாற்றம்' என்று எழுதியிருக்கிறது. பழமையைக் காக்க வந்த கட்சிக்குக் காப்பது என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. நினைவுபடுத்தினால் நம்மைக் கிழவன் என்கிறார்கள். கிழவன்தான். அதனால்தான் எனக்கு நினைவிருக்கிறது."

லண்டனில் பேர்பெற்ற அரசியல் வலைப்பதிவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர்கள் அமைச்சர்களின் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அமைச்சர் கையெழுத்திட்ட கோப்பில் காட்டினால் நாடு உருப்படும் என்று எழுதினார். அந்தப் பதிவுக்கு வந்த பின்னூட்டம் நான்கு. ஒன்று அவர் மைத்துனர் போட்டது.

ஜனவரியில் பாராளுமன்றத் தேர்தலுக்கான வேட்பாளர் தேர்வு நடந்தது. நடந்தது என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. கட்சியின் தொகுதிச் சங்கத்தின் தலைவர் ரோலண்ட் பிக்கர்ஸ்டாஃப், ஊரில் பாதி வீடுகளின் வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையை நட்டுவைத்திருக்கும் வீட்டுத் தரகர். அவர் உறுப்பினர் கூட்டத்துக்கு மூன்று பெயர்களைக் கொண்டுவந்தார். மூவரும் வெளியூர். பதினாறு ஆண்டுகள் நகர மன்றத்தில் இருந்த உள்ளூர்க்காரரின் பெயர் பட்டியலில் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் டொமினிக் பெல்வுட், முப்பத்து மூன்று வயது, லண்டனில் ஏதோ ஆலோசனை நிறுவனம். அவருடைய முதல் துண்டறிக்கையில், ஹார்ல்பெக்கின் சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்குவது தனக்குப் பெருமகிழ்ச்சி என்று இருந்தது. ஹார்ல்பெக்கில் சந்தை கூடுவது புதன்கிழமை. 1948 முதல் புதன்கிழமைதான்.

ஆர்மராட் அந்தத் துண்டறிக்கையைப் படமெடுத்துப் போட்டு, "நம் வேட்பாளர் வெற்று மைதானத்தில் காய்கறி வாங்கினார்" என்று தலைப்பிட்டார். அந்த ஒரு பதிவுக்கு நூற்று அறுபது பின்னூட்டம் வந்தது.

அதன்பின் அவர் பின்னூட்டப் பகுதியில் புதிதாக ஒருவர் குடிபுகுந்தார். பெயர் இல்லை, 'நீலக்கண்ணன்' என்று மட்டும் கையெழுத்து. "தாத்தா, கடைசி பஸ் போயிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்பது மாதிரியான வரிகள். ஆர்மராட் அவற்றையும் நீக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தன் பெயரிட்டுப் பதில் எழுதினார். இது வீண் வேலை என்று டோரீன் சொன்னார்.

"முகமூடி போட்டவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு உக்காந்திருக்கியே, அவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் கேள்வி தெரியுமில்ல?"

"அது கேள்வியா? உன்னை பஸ்ஸுன்னு கிண்டல் பண்றான்."

"கிண்டலுக்கும் பதில் உண்டு."

"உனக்குக் கல்யாணம் ஆனது என்கூடவா, அந்தப் பொட்டிகூடவா?" என்று கேட்டுவிட்டு, டோரீன் அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கைக் கவனிக்கப் போய்விட்டார்.

*

ஏப்ரல் 29, வியாழக்கிழமை. வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒரு வாரம்.

தபாலில் வந்த வாக்குகளின் உறைகளைப் பிரிக்கும் வேலை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நகர மண்டபத்தில் தொடங்கியது. ஒவ்வொரு கட்சியும் பார்வையாளர் ஒருவரை அனுப்பலாம். கட்சியின் தேர்தல் முகவர் பாலீன் கார்சைட், ஆர்மராட்டுடன் பள்ளியில் படித்தவர். பெல்வுட்டைப் பற்றி அவர் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் அவரை அனுப்பினார். "இவன்கிட்ட ஆயிரம் குறை இருக்கு. ஆனா ஒரு உறைகூட இவன் கண்ணுக்குத் தப்பாது," என்று பிக்கர்ஸ்டாஃப்பிடம் வாதாடி அனுப்பினார்.

மண்டப வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். உள்ளே காணும் எந்த வாக்கும் யாருக்கு விழுந்தது என்று அறிய முயலக் கூடாது. அறிந்தால் வெளியே சொல்லக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ஆர்மராட் அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஊழியர்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். உறையைப் பிரித்து, கையெழுத்தை ஒப்பிட்டு, வாக்குச்சீட்டைக் குப்புறக் கவிழ்த்து அடுக்கினார்கள். ஆனால் தாள் மெல்லியது. மக்கள் சமையலறையில் கையில் கிடைத்த தடித்த கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அது பின்பக்கம் ஊறித் தெரிந்தது. வேட்பாளர் பெயர்கள் அகர வரிசையில் இருப்பதால் பெல்வுட் எப்போதும் முதல் வரி. கவிழ்ந்த சீட்டிலும் முதல் வரி எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டங்களையே பார்த்த கண்ணுக்கு அது கூடத் தேவையில்லை. எண்ணவேண்டும் என்று அவர் உட்காரவில்லை. முதல் நாற்பது சீட்டு முடிந்தபோது எண் தானாகவே தலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த எண் மிக மோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தார். நீலக்கண்ணன் முந்திக்கொண்டிருந்தார்: "ஊர் மொத்தமும் டொமினிக் பின்னாடி நிக்குது. நீங்க மட்டும்தான் நிறுத்தத்துல நிக்கிறீங்க தாத்தா. உங்க பேச்சை உங்க தெருவே கேக்கல."

கோப்பை தட்டில் ஆடத் தொடங்கியது. மாலை 5.40க்குப் பதிவு வெளியானது. வெற்று மைதானத்தில் காய்கறி வாங்கியவரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஜனவரியிலேயே சொன்னேனா இல்லையா என்று அதில் கேட்டிருந்தார். கற்பனை அல்ல, இன்று நகர மண்டபத்தில் என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். எழுதிவிட்டு, நாற்பதில் எத்தனை என்ற எண்ணையும் போட்டிருந்தார். அடியில் முழுப்பெயர். ஆதாரக் குறிப்பில், வழக்கம்போல, இடமும் நேரமும்.

6.25க்குத் தொலைபேசி அலறியது. பாலீன்.

"ஹெட்லி, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"எதுக்குக் கத்துற?"

"அந்தப் பதிவை எடு. இப்பவே. போனை வைக்காத, பேசிக்கிட்டே எடு."

"நான் எதையும் எடுக்கறதில்லன்னு உனக்குத் தெரியும். தப்பு இருந்தா கோடு போடுவேன்."

"கோடு போடுவியா? கோட்டுக்கு அடியில எண்ணு தெரியுமேடா மடையா! அந்த எண்ணு தெரியக் கூடாதுங்கிறதுதான் சட்டமே! வாசல்ல ஒரு தாள் குடுத்தாங்களே, படிச்சியா?"

"ரெண்டு தடவ படிச்சேன்."

"அப்புறம்?"

ஆர்மராட்டின் கை சட்டைப்பைக்குப் போனது. மடித்த தாள் அங்கேயே இருந்தது. இத்தனை ஆண்டுகள் அந்த வலைப்பூவில் அதிகமுறை எழுதப்பட்ட வாக்கியம், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது. வாகனம் நிறுத்தத் தடையுள்ள இடத்தில் வண்டியை விட்ட மன்ற உறுப்பினர், அனுமதியின்றிச் சுவர் எழுப்பிய வழக்கறிஞர் என ஒருவரையும் அவர் விட்டதில்லை. அவர்களில் யாரும் சிறைக்குப் போகும் குற்றம் செய்ததில்லை.

6.31க்குப் பதிவை நீக்கினார். அந்த இடத்தில் ஒரு வரி எழுதினார்: "இங்கே இருந்த பதிவை நான் நீக்கிவிட்டேன். அது எழுதக் கூடாதது. ஹெட்லி ஆர்மராட்."

"அந்த ஒரு வரி இல்லாம உன்னால இருக்க முடியாதா?" என்றார் பாலீன்.

"முடியாது."

"சரி விடு. முக்கா மணி நேரந்தான் இருந்திருக்கு. எத்தனை பேர் பாத்திருப்பாங்க?"

"நாப்பத்தெட்டு பேர்."

"எதையுமே எண்ணாம இருக்கமாட்டியா நீ?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

*

நாற்பத்தெட்டு பேரில் ஒருவர் ரோலண்ட் பிக்கர்ஸ்டாஃப்.

மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர் டென்டர் குன்றுக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தேநீர் வேண்டாம் என்றார். தோல் பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நீக்கப்பட்ட பதிவின் அச்சுப்படி. அடிவிளிம்பில் அச்சான நேரம் இருந்தது: வியாழன், மாலை 5.52.

"நாம ரெண்டு பேருமே பழைய ஆளுங்க ஹெட்லி. சுத்தி வளைக்க வேண்டாம். இது வெளிய போனா உங்க கதி என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"போகவேண்டிய அவசியம் இல்ல."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"உடம்பு சரியில்ல, எழுதறதை நிறுத்திக்கிறேன்னு ஒரு பதிவு போடுங்க. நம்ம வேட்பாளருக்கு ரெண்டு நல்ல வார்த்தை சேர்த்துக்குங்க. திங்கக்கிழமை மொத்த வலைப்பூவையும் மூடிடுங்க. பழசு, புதுசு எல்லாம். இந்தத் தாள் என் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். யாருக்கும் நஷ்டமில்ல."

"மூடலைன்னா?"

"பொறுப்பான குடிமகனா நான் என் கடமையைச் செய்யவேண்டி வரும்." பிக்கர்ஸ்டாஃப் சிரித்தார். வீட்டின் கூரை ஒழுகுவதை மறைத்து விற்கும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

ஆர்மராட்டின் காது மடல் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"இது குற்றம்னு நேத்து சாயங்காலமே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இருந்தும் போலீசுக்குப் போகல."

"உங்க நல்லதுக்குத்தான்."

"நான் கோபத்துல புத்தி கெட்டுப்போய் சட்டத்தை மீறினேன். நீங்க நிதானமா, கோட்டு போட்டு, பையில வச்சு எடுத்துட்டு வந்து அதுக்கு விலை பேசறீங்க. குற்றத்தைப் பாத்தா புகார் குடுக்கணும். இல்லைன்னா வாயை மூடிக்கணும். மூணாவதா ஒரு வழி இருக்குன்னு எந்தக் கட்சியில சொல்லிக்குடுத்தாங்க?"

"வார்த்தையை அளந்து பேசுங்க."

"நீங்க வந்தது அளந்துதானே! வெளிய போங்க."

"திங்கக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் டைம்," என்று சொல்லி, தாளை மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டு பிக்கர்ஸ்டாஃப் கிளம்பினார். கதவை அவர் மெதுவாகத்தான் சாத்தினார். அது ஆர்மராட்டை இன்னும் எரியவைத்தது.

டோரீன் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மூடிடேன் ஹெட்லி," என்றார். "உனக்கு அறுபத்தோரு வயசு. ஜெயிலுக்குப் போறதுக்கா ரிட்டையர் ஆனோம்? அந்த எழுத்தால ஊர்ல ஒரு பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வந்துச்சு. அது போதும்."

"பழசையும் அழிக்கணுமாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு பதிவையும்."

"அதை யார் படிக்கிறாங்க?"

"படிக்கலைன்னா அவன் ஏன் அழிக்கச் சொல்றான்?"

ஆர்மராட் எழுந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மூடினால் அவர் சொன்னதெல்லாம் ஓர் இழுப்பறையில் இருக்கும் தாளுக்கு அடிமை. மூடாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவர் தலைக்குமேல் ஒரு கத்தி. இரண்டு வழியிலும் பிக்கர்ஸ்டாஃப்பின் பை கனமாகத்தான் இருந்தது. அந்தப் பையைக் காலியாக்க ஒரே வழிதான் இருந்தது. அது தெரிந்ததும் அவர் கோபம் முதன்முறையாகத் திசை மாறி, தன்மேலேயே வந்து நின்றது.

"கோட்டை எடு," என்றார்.

"எங்க போற?"

"போலீஸ் ஸ்டேஷன்."

டோரீன் கோட்டை எடுத்து நீட்டினார். "போறதுதான் போற, அந்த சிவப்பு டையை அவுத்துட்டுப் போ. சிவப்புக் கட்சிக்கு மாறிட்டான்னு சொல்லப் போறாங்க."

*

ஹார்ல்பெக் காவல் நிலையத்தின் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அறிவிப்பு: வரவேற்பு மேசை செவ்வாய், வியாழன் மட்டும், காலை பத்து முதல் இரண்டு வரை. அன்று வெள்ளிக்கிழமை, மாலை நான்கே முக்கால். சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒரு தொலைபேசி.

ஒரு மனிதன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தால்கூட இந்த நாட்டில் கதவைத் திறக்க ஆள் இல்லை! ஆர்மராட் தொலைபேசியைப் பிடுங்காத குறையாக எடுத்தார். முப்பது மைலுக்கு அப்பால் ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது.

"அவசர உதவி தேவையா சார்?"

"ஒரு குற்றம் நடந்திருக்கு. புகார் குடுக்கணும்."

"யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்லம்மா."

"குற்றவாளி இன்னும் அந்த இடத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"அவர்கிட்ட ஆயுதம் ஏதாவது தெரியுதா சார்?"

"ஒரு பேனா இருக்கு. அவர்தான் உங்ககூடப் பேசிட்டிருக்கார்."

"சார், நீங்க அங்கேயே இருங்க," என்றது குரல்.

ஒரு மணி இருபது நிமிடம் அங்கேயே இருந்தார். மழை பிடித்துக்கொண்டது. அவர் நகரவில்லை. காவல் வண்டியில் வந்து இறங்கியவர் சார்ஜன்ட் சமீனா இக்பால். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"டென்டர் குன்றுக்காரர்தானே நீங்க? என் வண்டியைப் படம் பிடிச்சுப் போட்டவர்?"

"தடை செஞ்ச இடத்துல நிறுத்தியிருந்தீங்க."

"பேக்கரியில திருடன் பூந்திருந்தான் சார்."

"அதையும் அடியில திருத்தமாப் போட்டேன். தேதியோட."

"பாத்தேன். அதனாலதான் நாற்காலி குடுத்தேன்." இக்பால் படிவத்தை எடுத்தார். "சொல்லுங்க."

ஆர்மராட் சொன்னார். வாசலில் கொடுத்த தாளை மேசையில் விரித்து வைத்தார். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் பார்த்தார்கள், எப்போது நீக்கினார் என்று வரிசையாகச் சொன்னார். பாலீனுக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது என்பதை இரண்டு முறை எழுதவைத்தார்.

"பதிவை நீங்களே எடுத்துட்டீங்க. அப்ப சாட்சியம் எங்க சார்? உங்க வாய்வார்த்தை மட்டும் போதாதே."

ஆர்மராட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அச்சுப்படி ஒண்ணு இருக்கு. தொகுதிச் சங்கத் தலைவர் ரோலண்ட் பிக்கர்ஸ்டாஃப்கிட்ட. நேத்து சாயங்காலம் 5.52க்கு எடுத்தது. கட்சியோட தேர்தல் அலுவலகத்துல இருப்பார். இல்லைன்னா அவர் மேசை இழுப்பறையைக் கேளுங்க."

"அவர் ஏன் இதுவரைக்கும் குடுக்கல?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க. என் குற்றத்தைத்தான் நான் சொல்லலாம்."

இக்பால் எழுதுவதை நிறுத்தி, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

சனிக்கிழமை காலை, துண்டறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்த பதினைந்து தொண்டர்களின் முன்னால், தேர்தல் அலுவலகத்துக்குள் சீருடையில் ஒரு சார்ஜன்ட் நுழைந்தார். பிக்கர்ஸ்டாஃப் தோல் பையைத் திறந்து தாளை எடுத்துக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் கையெழுத்திட்டார். அவர் முகத்தைப் பற்றிப் பாலீன் பிறகு டோரீனிடம் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "வீட்டைக் காட்ட வந்த இடத்துல கூரை இடிஞ்சு விழுந்த மாதிரி இருந்துச்சு டோரீன்."

*

மே 6 அன்று பெல்வுட் சில நூறு வாக்குகளில் வென்றார். ஆர்மராட்டும் அவருக்குத்தான் வாக்களித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு. ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கொள்கையை விட்டுவிட முடியாது என்று அதையும் எழுதினார். ஜூன் முதல் வாரத்தில் காவல்துறை வழக்குத் தொடராமல் அவருக்கு முறைப்படியான எச்சரிக்கை வழங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட அந்தத் தாளை மறுநாளே படமெடுத்து வலைப்பூவில் போட்டார். நீலக்கண்ணன் அதன்பின் வரவில்லை.

ஜூன் 17 மாலை, அவரை நீக்குவதற்கென்றே சங்கத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. மேசைப்பந்து மேசையை ஓரம் தள்ளிவிட்டுச் சங்கக் கூடத்தில் ஆர்மராட்டைத் தவிர ஐம்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிக்கர்ஸ்டாஃப் தலைமை நாற்காலியில். ஆர்மராட்டுக்குப் பேச மூன்று நிமிடம்.

"மூணு நிமிஷம் வேண்டாம்," என்றார் ஆர்மராட். "நான் தப்பு செஞ்சேன். நீக்கறதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. எனக்குத் தலைவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. வியாழன் 5.52க்கு எடுத்த தாளோட வெள்ளிக்கிழமை மூணரைக்கு என் வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

"அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல," என்றார் பிக்கர்ஸ்டாஃப்.

"நிரல்ல போடவேண்டியவர் யாரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. பாலீன். "நானும் கேக்குறேன் ரோலண்ட். எனக்கு ஏன் சொல்லல? தேர்தல் முகவர் நான். அந்தத் தாள் என்கிட்டதானே முதல்ல வந்திருக்கணும்?"

"இது தனிநபர் விவகாரம்."

"எச்சரிக்கை வாங்கினது தனிநபரா? சரி. டோரீன் எங்கிட்ட சொன்ன அந்த இழுப்பறை யாரோடது, சங்கத்தோடதா?"

யாரோ சிரித்தார்கள். பிக்கர்ஸ்டாஃப் சுத்தியலால் மேசையைத் தட்டினார். உடனே வாக்கெடுப்புக்கு விட்டார். கை தூக்கும் வாக்கெடுப்பு. இங்கே ரகசியம் ஏதும் கிடையாது. நீக்க ஆதரவு முப்பத்தொன்று. எதிர்ப்பு பத்தொன்பது. தலைவர் வாக்களிக்கவில்லை. உறுப்பினர் அட்டையை அங்கேயே கேட்டார்கள். ஆர்மராட் அதைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அந்தக் கூடத்தில் அதைச் சொல்லி இரக்கம் வாங்க அவர் கோபம் இடங்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. டோரீன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"முப்பத்தொண்ணுக்குப் பத்தொன்பது."

"பத்தொன்பது பேரா உன் பக்கம்?" டோரீனுக்கு நம்பிக்கை வரவில்லை. "உன்னை இவ்வளவு பேருக்குப் பிடிக்கும்னு எனக்கே தெரியாது."

"என்னைப் பிடிச்சு இல்ல. அந்த இழுப்பறை பிடிக்காம."

கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பதிவு எண் 1,931. கூட்டத்தின் இடம், தேதி, நேரம், வந்திருந்தோர் எண்ணிக்கை. பிறகு தன் கேள்வி, தலைவரின் பதில், பாலீனின் கேள்வி, தலைவரின் பதில், சொல் பிசகாமல். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. டோரீன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார்.

"இப்ப என்ன எழுதப் போற?"

"கை தூக்கினவங்க பேரெல்லாம். குறிச்சு வச்சிருக்கேன்."

"அந்தப் பத்தொன்பது பேரை எழுதாத ஹெட்லி. நாளைக்கும் அவங்க அந்த ரூம்ல போய் உக்காரணும். பிக்கர்ஸ்டாஃப் ஒவ்வொருத்தரையா தேடிப் புடிப்பான்."

எதையும் மறைக்காமல் எழுதுகிறவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார்.

"அப்ப முப்பத்தொரு பேர்?"

"அவங்க பேரைத் தாராளமா எழுது," என்றார் டோரீன். "ஒருத்தரைக்கூட விட்டுடாத."